கத்திக்குப் பட்டறை போதும், கண்ணுக்குத்தான் காசு

தேவாங்கு பார்க்கப் போகணும், எந்த நைட் விஷன் வாங்கலாம் என்று அடிக்கடி யாராவது கேட்கிறார்கள். 2022-ல் கடவூர் பகுதியைத் தேவாங்குச் சரணாலயமாக அறிவித்ததிலிருந்து இந்தக் கேள்வி கூடியிருக்கிறது. கரூர், திண்டுக்கல் இரண்டு மாவட்டத்திலுமாகப் பரந்து கிடக்கும் 11,806 ஹெக்டேர் அது. தேவாங்குக்கென்றே இந்தியாவில் அறிவிக்கப்பட்ட முதல் சரணாலயம். பார்க்க ஆசை வருவது நியாயம்தான்.

நான் சொல்லும் பதில் எப்போதும் ஒன்றுதான். நைட் விஷன் கடைசியில். முதலில் நல்ல பைனாகுலர், அடுத்து நல்ல விளக்கு, அப்புறம் காலுக்கும் மழைக்கும் வேண்டியது. கத்தி உள்ளூர்ப் பட்டறையிலேயே கிடைக்கும். இந்த வரிசை பலருக்கு ஏமாற்றமாக இருக்கிறது, அதனால் காரணத்தைக் கொஞ்சம் விரிவாகவே எழுதிவிடுகிறேன்.

முதலில் ஒன்றைப் புரிந்துகொள்ள வேண்டும். காட்டுக்கான நல்ல கருவிகளில் பெரும்பங்கு வேட்டைக்காரர்களுக்காக உருவானது. ஜெர்மனியில் காட்டுப்பன்றிக்காகவும் மானுக்காகவும் உயரப் பரண் கட்டி, அந்தி மயங்கும் நேரத்தில் உட்கார்ந்திருப்பார்கள். 8×56 என்ற கனமான பைனாகுலர் அந்த அரைமணி நேரத்துக்காகவே பேர் வாங்கியது. நம் நாட்டில் 1972-ன் வனவுயிர் பாதுகாப்புச் சட்டம் வேட்டையைத் தடை செய்துவிட்டது. ஆக, வெளிநாட்டுக் கடைகளின் பட்டியலில் பாதி நமக்குச் சம்பந்தமில்லாதது. முதுகில் கொக்கி வைத்த கத்தி செத்த மிருகத்தின் வயிற்றுத் தோலைக் கிழிக்க. குறுக்குக்கோடு போட்ட தொலைநோக்கி துப்பாக்கிக்கு மேல் மாட்ட. பச்சையும் பழுப்புமாகத் திட்டுத்திட்டாக அச்சடித்த ராணுவச் சட்டையும் வேண்டாம், சோதனைச் சாவடியில் வீண் கேள்விதான் வரும். இதையெல்லாம் கழித்துவிட்டால் மிஞ்சுவது பார்ப்பதற்கான கருவிகள். அவற்றின் பெட்டி மேல் எழுதியிருக்கும் எண்கள் எல்லாம் யாரோ ஒருவருடைய சோதனை அறையில் எடுத்தவை. நாம் நிற்கப்போகும் இடம் ஆனி மாதச் சாரலோ, மாசி மாதத்து முள்காட்டு ராத்திரியோ. அங்கே அந்த எண் என்ன ஆகும் என்று கணக்குப் போடத் தெரிந்தால் பாதி ஏமாற்றத்திலிருந்து தப்பிக்கலாம்.

கத்தியிலிருந்தே தொடங்குகிறேன். ஆசை அதிகமும் தேவை குறைவுமாக இருப்பது அதில்தான்.

சரணாலயத்துக்குள் கத்தி கொண்டுபோகக் கூடாது. அதே 1972 சட்டத்தின் 31-ஆம் பிரிவு, அனுமதியில்லாமல் ஆயுதத்தோடு சரணாலயத்துக்குள் நுழைவதைத் தடுக்கிறது. ஆயுதம் என்றால் எது என்று சட்டமே சொல்கிற பட்டியலில் துப்பாக்கி, வலை, தூண்டில் கொக்கி, கண்ணியோடு கத்தியும் இருக்கிறது. ‘சர்வைவல்’ என்று பேர் போட்ட பெரிய கத்தியை இடுப்பில் கட்டிக்கொண்டு வாசலில் இறங்கும் இளைஞர்களுக்கு இது தெரிவதில்லை. காட்டுக்கு வெளியே இன்னொரு கணக்கு உண்டு. ஒன்பது அங்குலத்துக்கு மேல் நீளமோ இரண்டு அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள கத்திகள் ஆயுதச் சட்டத்துக்குள் வந்துவிடும். வீட்டு வேலைக்கும் விவசாயத்துக்குமான கருவிகளுக்கு விலக்கு இருக்கிறது.

சரி, சொந்தத் தோட்டத்தில், தனியார் நிலத்து முகாமில் ஒரு கத்தி வேண்டும் என்றால்? நம் கொல்லர்களை விட்டுவிட்டு எங்கே போகிறீர்கள்? சிவகங்கைப் பக்கம் திருப்பாச்சேத்தி அரிவாளுக்கே பேர் போன ஊர். நம் பட்டறைகளில் பெரும்பாலும் அடிப்பது லாரியின் ஸ்பிரிங் பட்டை. சுமார் 0.6 சதவீதம் கார்பன் உள்ள எஃகு அது. பல வருஷம் பாரத்தைத் தாங்கி வளைந்து நிமிர்ந்த இரும்பு என்பதால் வெட்டுகத்திக்குக் கச்சிதமாகப் பொருந்தும். ஆனால் இரும்பைவிட முக்கியம் தோய்ச்சல். சிவக்கக் காய்ந்த அரிவாளின் வாயை மட்டும் தண்ணீரில் முக்கி எடுத்து, ஒரு கல்லால் வாய்ப்பக்கம் சட்டென்று தேய்த்துப் பளபளப்பாக்குவார் கொல்லர். முதுகில் மிச்சமிருக்கும் சூடு மெல்ல வாய்ப்பக்கம் இறங்கும்போது அந்தப் பளபளப்பில் நிறம் ஓடும். வைக்கோல் மஞ்சள், பழுப்பு, ஊதா, அப்புறம் நீலம். எந்த நிறத்தில் மறுபடி தண்ணீரில் போடுகிறார் என்பதில்தான் கத்தியின் ஆயுள் இருக்கிறது. மஞ்சளிலேயே நிறுத்தினால் கடினம், விறகில் பட்டால் வாயில் பல் விழும். நீலத்தைத் தாண்டவிட்டால் வாய் மடங்கும். மரம் கழிக்கும் அரிவாளுக்கு ஊதாவும் நீலமும் சேரும் இடம் சரி. இதைக் கண்ணால் பார்த்துச் செய்கிறவர் பக்கத்திலேயே இருக்கும்போது, பெட்டியில் ராக்வெல் என்ற கடினத்தன்மை எண் அச்சடித்த கத்திக்கு மூன்று மடங்கு கொடுப்பானேன்?

வாங்கும்போது சின்ன அரம் ஒன்று கையில் இருக்கட்டும். வாயில் லேசாக இழுத்தால் வழுக்கிக்கொண்டே போனால் ரொம்பக் கடினம், வெண்ணெயாகக் கடித்தால் பதம் ஏறவில்லை. லேசாகக் கடித்து வழுக்கினால் எடுத்துக்கொள்ளலாம். பிடிக்குள் போகும் இரும்பு எவ்வளவு தூரம் போகிறது, பூண் ஆடாமல் இருக்கிறதா என்று பாருங்கள். பிடி குழாய் மாதிரி உள்ளே வெற்றிடமாக இருந்து, மூடியைத் திருகினால் திசைகாட்டியும் தூண்டில் முள்ளும் வரும் கத்திகளை வாங்கவே வேண்டாம். அந்தக் கத்தியில் இரும்பு பிடியின் வாசலோடு நின்றுபோகிறது, அழுத்தி வேலை செய்தால் உடையும் இடம் அதுதான்.

சின்ன வேலைக்கு, அதாவது கயிறு அறுக்க, பழம் நறுக்க, குச்சி சீவ என்றால் ஸ்வீடனின் மோரா ஊரில் செய்யும் எளிய கத்திகளை மனசாரப் பரிந்துரைப்பேன். நாலு அங்குலத்துக்குப் பக்கமாக நீளம், துருப்பிடிக்காத வகையும் உண்டு, விலையும் நியாயம். ஸ்வீடனின் 12சி27 என்ற எஃகில் கார்பன் 0.6, குரோமியம் 13.5 சதவீதம். அந்தக் குரோமியம்தான் மழைக்காலத்தில் காப்பாற்றுகிறது. லாரிப் பட்டைக் கத்தி வால்பாறை மழையில் ஒரே ராத்திரியில் செம்பட்டை பிடிக்கும், துடைத்துத் தேங்காய் எண்ணெய் தடவியே தீரணும். தீட்டுவதைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பனையேறிகள் பலகையில் கல்பொடி தூவி அரிவாள் தீட்டுவதைப் பக்கத்தில் நின்று பார்த்தாலே போதும், கோணம் மாறாமல் இழுப்பது என்றால் என்ன என்று புரிந்துவிடும்.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். பாம்புக்கடிக்கு என்று பிளேடும் உறிஞ்சு குழலும் வைத்து விற்கும் பெட்டிகளை வாங்காதீர்கள். கடிபட்ட இடத்தைக் கீறுவதும் உறிஞ்சுவதும் கெடுதல்தான் செய்யும். கடிபட்ட காலை அசையாதபடி, ரத்தம் நிற்கும் அளவுக்கு இறுக்காமல் கட்டி, நச்சுமுறி மருந்து இருக்கும் மருத்துவமனைக்கு ஆளைத் தூக்கிக்கொண்டு ஓடுவதுதான் வழி. நம்மூரில் கிடைக்கும் மருந்து நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்குக்கும் பொதுவானது. பைக்குள் கத்தி வைக்கும் இடத்தில் ஒரு துணிக்கட்டும், பக்கத்து அரசு மருத்துவமனையின் தொலைபேசி எண்ணும் வையுங்கள்.

இனி பைனாகுலர். காசு போக வேண்டிய இடம் இது.

மலைவாசஸ்தலக் கடைகளில் சிவப்புக் கண்ணாடியோடு பளபளவென்று தொங்கும் பைனாகுலர்களைப் பார்த்திருப்பீர்கள். 20×, 30×, ஜூம், பக்கத்திலேயே ‘டே அண்ட் நைட் விஷன்’ என்று எழுதியிருக்கும். அந்த வாசகத்துக்கு அர்த்தம் எதுவும் கிடையாது. சிவப்புப் பூச்சு சிவப்பு ஒளியைத் திருப்பி அனுப்பிவிடுவதால் உள்ளே தெரியும் உலகம் பச்சையும் நீலமுமாக வெளிறிப்போகும். செம்போத்தின் சிறகு நிறத்தை அதில் பார்த்து நம்ப முடியாது.

8×42 என்றால் எட்டு மடங்கு பெரிதாக்கும், முன்கண்ணாடி 42 மி.மீ. அகலம். இரண்டாவதை முதலாவதால் வகுத்தால் 5.25 வரும். கண்ணுக்கு வந்து சேரும் ஒளிக்கற்றையின் விட்டம் அது, மில்லிமீட்டரில். பட்டப்பகலில் நம் கண்பாவை இரண்டு மூன்று மி.மீ. அளவுக்குச் சுருங்கியிருக்கும், அப்போது எந்தப் பைனாகுலரும் நன்றாகத்தான் தெரியும். கடைக்காரர் பகல் பன்னிரண்டு மணிக்குக் காட்டுவதால்தான் வியாபாரம் நடக்கிறது. இருட்டத் தொடங்கினால் பாவை விரியும், இளவயதில் ஏழு மி.மீ. வரைகூட. அப்போது சட்டைப் பையில் அடங்கும் 10×25 கருவி கண்ணுக்குள் அனுப்புவது 2.5 மி.மீ. கற்றை. பரப்பளவில் பார்த்தால் 8×42 அதைவிட நாலு மடங்குக்கு மேல் கொடுக்கிறது. மாலை ஆறரைக்கு மேல், பக்கி என்ற இரவுப் பறவைகள் பறக்கத் தொடங்கும் நேரத்தில், ஒன்றில் பறவை தெரியும், மற்றொன்றில் கறுப்பு நிழல் தெரியும். பரண் வேட்டைக்காரர்களின் 8×56 சரியாக ஏழு மி.மீ. தருவதும் இதே கணக்கில்தான். ஆனால் அதை நாள் முழுக்கக் கழுத்தில் மாட்டி நடக்க முடியாது. வயது ஏற ஏறப் பாவை விரிவதும் குறையும். ஐம்பதைத் தாண்டியவர்களுக்கு அந்த ஏழு பெரும்பாலும் வீண்.

பத்து மடங்கு வாங்கலாமே என்பார்கள். பத்து மடங்கில் கை நடுக்கமும் பத்து மடங்கு, பார்வைப் பரப்பும் குறையும். கிளைக்குள் தாவிக்கொண்டே இருக்கும் கதிர்க்குருவியைத் தேடிப் பிடிக்க எட்டுதான் சுகம். நீர்நிலைக் கரையில் நின்று தூரத்து வாத்துகளைப் பார்க்கிறவர்கள் பத்து வாங்கட்டும்.

பூச்சைப் பற்றிக் கட்டாயம் சொல்லணும். பூச்சில்லாத ஒவ்வொரு கண்ணாடிப் பரப்பிலும் சுமார் நாலு சதவீத ஒளி திரும்பிப் போய்விடும். ஒரு குழலுக்குள் இப்படிப் பன்னிரண்டு பரப்பு இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள், நுழைந்த ஒளியில் நூற்றுக்கு 61 பங்குதான் கண்ணுக்கு வரும். 1935-ல் ஜெர்மனியின் சைஸ் நிறுவனத்தில் ஒலெக்சாண்டர் ஸ்மாகுலா கண்ணாடி மேல் மெல்லிய படலம் ஏற்றி இந்த இழப்பைக் குறைக்கும் வழியைக் கண்டுபிடித்தார். இன்று பல அடுக்குப் பூச்சில் ஒரு பரப்பின் இழப்பு அரை சதவீதத்துக்கும் கீழே போய்விட்டது. அதே பன்னிரண்டு பரப்புக்கு இப்போது 94 பங்கு வந்து சேரும். ‘கோட்டட்’ என்று மட்டும் எழுதியிருந்தால் ஏதோ ஒரு பரப்பில் ஒரு அடுக்கு பூசியிருக்கிறார்கள் என்று அர்த்தம். ‘ஃபுல்லி மல்ட்டி கோட்டட்’ என்று முழுசாக இருக்கணும். அதையும் எழுத்தை நம்பாமல் கடையிலேயே சோதிக்கலாம். முன்கண்ணாடியில் டியூப்லைட்டின் பிம்பங்களைப் பாருங்கள். எல்லாம் மங்கலான பச்சையாக, கத்திரிப்பூ நிறமாகத் தெரிந்தால் நல்லது. நடுவில் ஒன்று வெள்ளை வெளேரென்று மின்னினால் அந்தப் பரப்பில் பூச்சே இல்லை.

அடுத்த சோதனை, கருவியைக் கையெட்டும் தூரத்தில் பிடித்து வானத்தைப் பார்த்தபடி கண்வில்லையில் தெரியும் ஒளி வட்டத்தைக் கவனிப்பது. முழு வட்டமாக இருந்தால் உள்ளே இருக்கும் பட்டகம் பாக்-4 தரக் கண்ணாடியாக இருக்கும். ஓரம் சாம்பல் பூத்துச் சதுரமாகத் தெரிந்தால் மலிவான கண்ணாடி. இது வளைந்த உடம்புள்ள பழைய பாணி போரோ வகைக்கு நன்றாகப் பொருந்தும் சோதனை. நேர்க்குழல் வகையில் பட்டகத்துக்கு ‘ஃபேஸ் கோட்டிங்’ இருக்கிறதா என்று கேளுங்கள். 1988-ல் சைஸ் கொண்டுவந்த அந்தப் பூச்சு இல்லாவிட்டால் நேர்க்குழல் கருவியில் விவரம் கூர்மையாக வராது. இதனால்தான் கைக்காசு பத்தாயிரத்துக்குப் பக்கமாக இருப்பவர்களை நான் போரோ பக்கம் அனுப்புகிறேன். அதே விலைக்கு அதில் தெளிவு அதிகம். உடம்பு பருமன், மழை தாங்காத மாடல்கள் அதிகம், அது உண்மை.

கண்ணாடி போட்டவர்கள் ‘ஐ ரிலீஃப்’, அதாவது கண்வில்லையிலிருந்து கண் தள்ளி இருக்கக்கூடிய தூரம், 15 மி.மீ.க்குக் குறையாமல் பாருங்கள், இல்லாவிட்டால் நடுவில் ஒரு சாவித்துவாரம்தான் தெரியும். நைட்ரஜன் நிரப்பியது நம்மூர் மழைக்காட்டில் ஆடம்பரம் இல்லை. ஏசி காரிலிருந்து இறங்கியதும் உள்கண்ணாடி வேர்த்துவிட்டால் துடைக்க வழியில்லை. அதைவிடப் பெரிய எதிரி பூஞ்சை. மேற்கு மலையில் ஒரு பருவமழையைப் பையோடு அலமாரியில் கழித்த பைனாகுலரைத் திறந்து, விளக்கை ஒரு பக்கமிருந்து அடித்துப் பாருங்கள், சிலந்தி நூல் மாதிரி ஓடியிருக்கும். பூச்சைத் தின்றுவிட்டால் திரும்பாது. காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பா, உள்ளே சிலிக்கா ஜெல், ஒரு சின்ன ஈரப்பதமானி, முள் 40-க்கும் 50-க்கும் நடுவில் நிற்கட்டும். இந்தச் செலவு சில நூறு ரூபாய், காப்பாற்றுவது ஆயிரங்களை. பழைய கருவி வாங்குகிறவர்களும் முதலில் இந்த விளக்குச் சோதனையைச் செய்யணும்.

விளக்குக்கு வருவோம். லூமன் என்ற ஒரே எண்ணைப் பார்த்து வாங்குவது ஊரெல்லாம் நடக்கிறது. லூமன் என்பது விளக்கிலிருந்து வெளியே கொட்டும் மொத்த ஒளி. அது எவ்வளவு தூரம் போகும் என்பதைச் சொல்வது கேண்டெலா. கேண்டெலாவின் வர்க்கமூலத்தை இரண்டால் பெருக்கினால் பெட்டியில் போடும் தூரம் வரும். 10,000 கேண்டெலா என்றால் 200 மீட்டர். ஆனால் அந்த 200-வது மீட்டரில் விழும் ஒளி கால் லக்ஸ், நிலா வெளிச்சம் அளவுதான். உண்மையில் ஒரு மிருகத்தை இன்னதென்று பார்க்கணும் என்றால் பாதித் தூரத்தை மறந்துவிடுங்கள். எத்தனை மணி நேரம் எரியும் என்ற எண்ணும் இதே கதை. எஃப்எல்-1 என்ற தர அளவீட்டில், தொடக்க ஒளியில் பத்தில் ஒரு பங்காகக் குறையும் வரை எரிந்தால் அந்த நேரம் முழுக்கக் கணக்கில் சேரும். ஆயிரம் லூமன் என்று எழுதிய விளக்கு சூடு தாங்காமல் சில நிமிஷத்தில் முந்நூறுக்கு இறங்கி, அப்புறம் மணிக்கணக்கில் மங்கலாக எரிந்தாலும் பெட்டி மேல் எழுதியது பொய்யில்லை.

பேட்டரியில்தான் அப்பட்டமான பொய் நடக்கிறது. 18650 என்ற வகை உருளைப் பேட்டரிக்குள் 3,500 மில்லி ஆம்பியர்-மணி அளவுக்கு அடைப்பதே பெரிய விஷயம். அதன் மேல் 9,900 என்று அச்சடித்து விற்கிறார்கள். எடைபோட்டால் தெரிந்துவிடும். நல்லது 45 கிராமைத் தாண்டும், போலி கையில் எடுத்தாலே லேசாக இருக்கும். விமானத்தில் போகிறவர்கள் உபரி லித்தியம் பேட்டரிகளைக் கைப்பையில்தான் வைக்கணும், சரக்குப் பெட்டியில் போடக்கூடாது.

இரவு உயிரினங்களைப் பார்க்கிறவர்களுக்கு இரண்டு விளக்கு வேண்டும், ஒன்று தலையில், ஒன்று கையில். காரணம் கண் மினுக்கம். தேவாங்கு, பூனை, மான் மாதிரி பிராணிகளின் விழித்திரைக்குப் பின்னால் ஒளியைத் திருப்பி அனுப்பும் ஓர் அடுக்கு இருக்கிறது. அது வந்த வழியே திருப்பி அனுப்பும். ஆகவே விளக்கு நம் கண்ணுக்குப் பக்கத்தில் இருந்தால்தான் மினுக்கம் நமக்குத் தெரியும். டார்ச்சை இடுப்பருகே பிடித்துக்கொண்டு மரத்தைத் துழாவினால் பத்தடி தள்ளி இருக்கும் தேவாங்கையும் தவறவிடுவோம். நெற்றியில் விளக்கு இருந்தால் புளியமரத்துக்குள் ஆரஞ்சுச் சிவப்பாக இரண்டு பொட்டு சட்டென்று எரியும், பக்கத்துப் பக்கத்தில், உடம்புக்குப் பொருந்தாத பெரிய கண்கள். தரையோடு தரையாகச் சிவந்தால் பக்கி. புல்லுக்குள் வைரத்தூள் மாதிரி நீலப்பச்சையில் சின்னச்சின்னதாக மின்னுவது சிலந்திகள். கொஞ்ச நாளில் நிறத்தையும் உயரத்தையும் வைத்தே ஆளைச் சொல்லிவிடலாம்.

கைவிளக்கு பாதைக்கு. தாழப் பிடித்தால் கல்லுக்கும் குச்சிக்கும் பாம்புக்கும் நிழல் விழும், மேடுபள்ளம் தெரியும். பனிமூட்டத்திலும் கைவிளக்குதான் உதவும். நெற்றி விளக்கு மூட்டத்தில் பட்டுத் திரும்பி நம் கண்ணையே கூசவைக்கும்.

தேவாங்கைக் கண்டதும் வெள்ளை விளக்கை அணைத்துவிடுங்கள். ஆராய்ச்சியாளர்கள் சிவப்பு வடிகட்டி போட்டுத்தான் வேலை செய்கிறார்கள். அந்தக் கண்கள் இருட்டுக்காக ஆனவை. பளீரென்று அடித்துக்கொண்டே இருந்தால் அது இரை தேடுவதை விட்டுவிட்டு உறைந்துபோகும். நம் கண்ணுக்கும் சிவப்பு நல்லது, இருட்டுக்குப் பழகிய பார்வை கெடாது. பழகவே இருபது முப்பது நிமிஷம் ஆகும், ஒரு நொடி வெள்ளை வெளிச்சம் அதை அழித்துவிடும். சிவப்பு எல்இடி இல்லாத விளக்காக இருந்தால் ஸ்டேஷனரிக் கடையில் சிவப்பு ஜெலட்டின் தாள் வாங்கி இரண்டு மடிப்பாக ரப்பர் பேண்ட் போட்டுவிடுங்கள். பத்து ரூபாய்த் தாள்தான், தேவாங்குக்கு அது பெரிய நிம்மதி.

மழைக்கும் காலுக்கும் சுருக்கமாகச் சொல்கிறேன். மூச்சுவிடும் துணி என்று விலை உயர்ந்த மழைச்சட்டைகள் வருகின்றன. உள்ளே இருக்கும் வேர்வை ஆவி வெளியே போக, வெளிக்காற்று உள்ளே இருப்பதைவிட உலர்வாக இருக்கணும். குளிர் நாடுகளில் அது நடக்கும். ஆடி மாத வால்பாறையில் காற்றே தண்ணீராக இருக்கும்போது ஆவி எங்கே போகும்? அங்கே நல்ல குடைதான் சிறந்த மழைக்கருவி என்பது என் உறுதியான கருத்து. பைனாகுலரும் நனையாது, காதும் மூடாது. அட்டைக்கடிக்கு, நெருக்கமாக நெய்த பருத்தியில் முழங்கால் வரை தைத்த அட்டை உறை போதும், காலுறைக்கு மேல் மாட்டி இறுக்கிக் கட்டிக்கொள்ளலாம்.

இப்போது எல்லாரும் கேட்கும் இரவுக்கருவிகள். மூன்று வகை, மூன்றும் வேறுவேறு வழியில் வேலை செய்கின்றன. முதலாவது, இருக்கிற கொஞ்ச ஒளியைப் பெருக்கும் குழாய். நட்சத்திர ஒளி விழுந்ததும் எலக்ட்ரான்கள் தெறிக்கும், அவற்றைப் பெருக்கிப் பாஸ்பர் திரையில் மோதவிட்டுப் பச்சைப் படமாக்கும். வியட்நாம் போர்க்காலத்தில் பேர் வாங்கிய தொழில்நுட்பம் இது. நல்ல தலைமுறைக் குழாய்கள் விலையில் நமக்கு எட்டாது, மலிவான முதல் தலைமுறையில் ஓரமெல்லாம் கலங்கிக் கிடக்கும். இரண்டாவது டிஜிட்டல், கேமராச் சில்லும் அகச்சிவப்பு விளக்கும். 850 நானோமீட்டர் விளக்கு தூரம் போகும், ஆனால் அதன் முகம் மங்கலாகச் சிவந்து தெரியும். 940 சுத்தமாகத் தெரியாது, தூரம் குறையும். கண் மினுக்கம் இதிலும் நன்றாகத் தெரியும் என்பதால் மலிவாகத் தொடங்க நினைப்பவர்களுக்கு இது பரவாயில்லை. முன்னால் ஒரு இலையோ மூட்டமோ வந்தால் திரை முழுக்க வெளுத்துவிடும்.

மூன்றாவது வெப்பக் கருவி, தெர்மல். ஒளியே வேண்டாம், உடம்புச் சூட்டைப் பார்க்கும். சாதாரணக் கண்ணாடி அந்தக் கதிர்களை விடாது என்பதால் லென்ஸ் ஜெர்மானியத்தில் செய்கிறார்கள், விலை ஏறுவதற்கு அதுவும் ஒரு காரணம். கார் கண்ணாடியை ஏற்றிவிட்டு உள்ளிருந்து பார்க்க முடியாததும் இதனால்தான். இதன் பெட்டியில் ‘கண்டறியும் தூரம் 1,200 மீட்டர்’ என்று போட்டிருக்கும். கண்டறிவது என்றால் என்ன? 1958-ல் அமெரிக்க ராணுவ ஆய்வகத்தில் ஜான் ஜான்சன் போட்ட கணக்குதான் இன்றும் அடிப்படை. அங்கே ஏதோ இருக்கிறது என்று தெரிய உருவத்தின் குறுக்கே ஒரு கோட்டிணை, அதாவது இரண்டு புள்ளி போதும். மனிதனா மிருகமா என்று வகை தெரிய நாலு இணை. இன்னது என்று உறுதியாகச் சொல்ல ஆறுக்கு மேல். ஆகவே அந்த 1,200 மீட்டரில் வகை தெரிவது 300-ல், ஆள் தெரிவது 200-க்கும் உள்ளே. அதுவும் மனித உருவத்துக்கு.

தேவாங்குக்கு இதே கணக்கைப் போடுவோம். சென்சாரில் 12 மைக்ரான் அளவுள்ள புள்ளியும் 19 மி.மீ. லென்ஸும் பரவலாகக் கிடைக்கும் அமைப்பு. 12-ஐ 19-ஆல் வகுத்து மீட்டர் கணக்கில் தூரத்தால் பெருக்கினால், ஒரு புள்ளி மூடும் இடம் மில்லிமீட்டரில் வரும்; 50 மீட்டர் தூரத்தில் அது மூன்று செ.மீ. சொச்சம். தேவாங்கின் உடம்பு 20 செ.மீ. அளவுதான். நீளவாக்கில் ஆறு புள்ளி, குறுக்கே இரண்டோ மூன்றோ. அது திரையில் ஒரு வெள்ளைக் கறை. கிளையில் உறங்கும் பறவையும் மர எலியும் அதே கறைதான். இருபது மீட்டருக்குள் வந்தால் கைகாலை அடையாளம் காணலாம். இருபது மீட்டரில் சிவப்புத் தாள் ஒட்டிய நெற்றி விளக்கும் 8×42 பைனாகுலரும் அதைவிட நிறைய காட்டும், அது வெட்டுக்கிளியைக் கடித்துத் தின்பதுவரை.

நம் வறண்ட காட்டில் இன்னொரு சிக்கல். பகல் முழுக்கக் காய்ந்த பாறை ராத்திரி வெகுநேரம் சூட்டை விடும். சித்திரை வைகாசியில் பாறையும் தரையும் மிருகத்தின் மேல்தோலும் ஏறக்குறைய ஒரே சூட்டுக்கு வரும் நேரத்தில் திரையில் எதுவும் பிரிந்து தெரியாது. குளிர்நாட்டுப் பனிப்புல்லில் எடுத்த விளம்பரப் படத்தில் மான் மெழுகுவர்த்தியாக எரிவதைப் பார்த்து வாங்கக் கூடாது என்பது இதற்காகத்தான். மார்கழி தையில், விடிவதற்கு ஒரு மணி முன்னால், நம்மூரிலும் பிரமாதமாக இருக்கும்.

யானை நடமாட்டம் உள்ள ஊர்களில் தெர்மலின் அருமையே வேறு. அங்கே இன்ன யானை என்று தெரிய வேண்டாம், தேயிலைச் செடிக்கு நடுவில் பெரிதாக ஒன்று நிற்கிறது என்று தெரிந்தாலே உயிர் தப்பும். காவலுக்கு இருப்பவர்களுக்கு வாங்கித் தரலாம் என்று எந்தக் குழுவாவது கேட்டால் தயங்காமல் சரி என்பேன். அப்படி வாங்கும்போது 256-ஐ விட்டு 384 புள்ளி அகலச் சென்சாருக்குப் போங்கள். படம் நொடிக்கு 25 முறையாவது புதுப்பிக்கணும், ஒன்பது முறை வகையில் நகரும் உருவம் இழுபடும். கழற்றி மாற்றும் பேட்டரி இருக்கணும், உள்ளேயே பூட்டிவிட்ட பேட்டரி இரண்டு மூன்று வருஷத்தில் முழுக்கருவியையும் முடக்கிவிடும். தனி ஆளாக லட்சத்தைப் போடுவதைவிட நாலைந்து பேர் சேர்ந்து வாங்கிப் பொதுவில் வைத்துக்கொள்வது நல்லது. இதைத் தினமும் தொடப்போவதில்லை.

எதை எடுத்துக்கொண்டு போனாலும் இரவில் காட்டுக்குள் நுழைய வனத்துறை அனுமதி வேண்டும், வனச்சரகர் அலுவலகத்தில் முன்கூட்டியே எழுதிக் கொடுங்கள். காட்டுக்கு வெளியே பட்டா நிலங்களில் நடப்பதானாலும் ஊருக்குள் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போங்கள். நெற்றி விளக்குப் போட்டு ராத்திரி நடக்கிறவர்கள் என்றால் முயல் வேட்டைக்காரர்கள் என்றுதான் திண்டுக்கல் பக்கம் நினைப்பார்கள், நினைப்பதில் தப்பும் இல்லை. டீக்கடையில் பைனாகுலரை எடுத்து நாலு பேர் கையில் கொடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். எந்த வேலியோரப் புளியமரத்தில், எந்தக் கள்ளிப் புதரில் தேவாங்கு வரும் என்ற தகவல் அந்த நாலு பேரிடம்தான் இருக்கிறது.